கடிகாரத்தை ஆண்டுக்கு இருமுறை திருப்புவது எதற்கு? சுங்கை சிப்புட்டில் உட்கார்ந்து ஒரு கணக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் மாமாக் கடைகளுக்கு இந்த விவகாரம் பந்து வழியாகத்தான் வந்து சேர்கிறது. இங்கிலாந்து லீக்கில் சனிக்கிழமை பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கும் ஆட்டம், குளிர்காலம் முழுக்க நமக்கு இரவு 11 மணிக்கு வரும். ஏப்ரலில் அதே 3 மணி ஆட்டம் 10 மணிக்கே தொடங்கிவிடும். அங்கே இரவு 8 மணிக்கு நடக்கும் ஐரோப்பியக் கிண்ண ஆட்டம், விடிகாலை 4 மணியிலிருந்து 3 மணிக்கு இறங்கிவிடும். நம் சுவர்க் கடிகாரத்தை யாரும் தொடவில்லை. அவர்கள் கோடைக்காகத் தங்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிட்டார்கள், அவ்வளவுதான். இதற்குக் ‘கோடை நேரம்’ என்று பெயர்.

ஏன் தள்ளுகிறார்கள், அதை விட்டுவிடலாமா என்று அந்த நாடுகளில் ஆண்டுக்கு இருமுறை சண்டை நடக்கிறது. நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று தோன்றும். உண்மையில் நம் நாடு அந்தச் சோதனையை எப்போதோ செய்து முடித்து, அதன் விளைவிலேயே வாழ்ந்துகொண்டிருக்கிறது. அதற்குப் போவதற்கு முன், திருப்புவது எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

திருப்பும் முறை

பிரிட்டனில் மார்ச் மாதக் கடைசி ஞாயிறு, அதிகாலை 1.00 ஆனதும் கடிகாரம் 2.00 என்று காட்டும். அன்று 1.30 என்ற நேரமே கிடையாது. அக்டோபர் கடைசி ஞாயிறு இதற்கு நேர்மாறு: 2.00 ஆனதும் முள் 1.00க்குத் திரும்பும். 1 முதல் 2 வரையிலான ஒரு மணி நேரம் அன்று இரண்டு முறை வரும். முதல் 1.50க்கு ஒரு குழந்தை, இருபது நிமிடம் கழித்து அதன் இரட்டை பிறந்தால், தம்பியின் பிறப்பு நேரம் 1.10 என்று பதிவாகும். தாளில் அவன்தான் அண்ணன். இரவு வேலையில் இருக்கும் தாதி அன்று ஒரு மணி நேரம் கூடுதலாக நிற்பாள்.

இப்படித் திருப்பும் ஐரோப்பிய நாடுகள் ஒரே நொடியில் திருப்புகின்றன. அது நமக்கு ஞாயிறு காலை சரியாக 9 மணி, மார்ச்சிலும் அக்டோபரிலும். ஆகவே அந்த வாரம் சனி இரவு ஆட்டம் பழைய கணக்கு, ஞாயிறு இரவு ஆட்டம் புதுக் கணக்கு. கடையில் ஆட்களைக் கூப்பிட்டு வைத்துவிட்டு முதல் பாதியைத் தவறவிடுவது பெரும்பாலும் இந்த ஞாயிற்றுக்கிழமைதான்.

அமெரிக்காவும் கனடாவின் பெரும்பகுதியும் மார்ச் இரண்டாம் ஞாயிறு முன்னே தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறு பின்னே இழுக்கின்றன. ஹவாயும், அரிசோனாவின் பெரும்பகுதியும் இந்த ஆட்டத்திற்கே வருவதில்லை. பூமியின் தென்பாதியில் கோடை டிசம்பரில் என்பதால் அங்கே எல்லாம் தலைகீழ். மெல்பர்னும் சிட்னியும் அக்டோபர் முதல் ஞாயிறு முன்னே தள்ளி, ஏப்ரல் முதல் ஞாயிறு திரும்ப வரும். அதே ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் இருக்கும் குவீன்ஸ்லாந்து மாநிலம் 1992இல் மக்களிடம் வாக்குக் கேட்டு, வேண்டாம் என்று முடிவு செய்தது. குவீன்ஸ்லாந்தின் பெரும்பகுதி வெப்ப மண்டலம். அங்கே ‘வேண்டாம்’ என்று ஏன் தோன்றியது என்பதில்தான் இந்தக் கட்டுரையின் சாரமே இருக்கிறது.

பகல் நீளும் ஊரும் நீளாத ஊரும்

பூமியின் அச்சு சுமார் 23.4 பாகை சாய்ந்திருக்கிறது. அதனால் பூமத்திய ரேகையை விட்டு விலக விலக, கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் வித்தியாசம் கூடிக்கொண்டே போகும். லண்டன் வடக்கே 51.5 பாகையில் இருக்கிறது. அங்கே டிசம்பர் 21 அன்று பகல் 8 மணி நேரத்தைக்கூடத் தொடாது. ஜூன் 21 அன்று பதினாறரை மணி நேரத்தைத் தாண்டும். கடிகாரத்தைத் தள்ளாவிட்டால் ஜூனில் சூரியன் மூன்றே முக்கால் மணிக்கு முன்பே எழுந்துவிடும். ஊர் தூங்குகிறது, வெளிச்சம் வீணாகிறது. ஒரு மணி நேரம் தள்ளினால் அந்த வெளிச்சம் மாலைக்கு வந்துவிடும். வேலை முடிந்த பிறகு இரண்டு மூன்று மணி நேரம் வெயிலில் நடமாடலாம்.

ஆக, வெளிச்சத்தை யாரும் ‘சேமிப்பது’ இல்லை. காலையில் எடுத்து மாலையில் வைக்கிறார்கள். எடுப்பதற்குக் காலையில் மிச்சம் இருக்கவேண்டும் என்பதுதான் நிபந்தனை.

சுங்கை சிப்புட் வடக்கே கிட்டத்தட்ட 4.8 பாகை. இங்கே ஆண்டின் மிகக் குறுகிய பகல் சுமார் 11 மணி 50 நிமிடம், மிக நீண்ட பகல் சுமார் 12 மணி 24 நிமிடம். வித்தியாசம் 34 நிமிடம்தான். இன்னும் தெற்கே, கோலாலம்பூரில் அது 22 நிமிடமாகக் குறையும். இந்த 34 நிமிடத்திற்காக ஆண்டுக்கு இருமுறை அறுபது நிமிடம் திருப்புவதில் எந்த அர்த்தமும் இல்லை. நமக்கு அந்த வேலை தேவையே இல்லை என்று இதோடு முடித்துவிடலாம்தான். ஆனால் கடிகாரத்தை ஒரே ஒரு தரம் தள்ளிவிட்டுத் திரும்ப இழுக்காமல் விட்டுவிடுவது என்று இன்னொரு வழி இருக்கிறதே. அது நம் கதை.

யார் கிளப்பிவிட்டது

1895இல் நியூசிலாந்தில் ஜார்ஜ் ஹட்சன் என்பவர் முதலில் இதை முறையாக முன்வைத்தார். அஞ்சல் அலுவலகத்தில் வேலை, ஓய்வில் பூச்சி சேகரிப்பு. மாலையில் பூச்சி பிடிக்க வெளிச்சம் வேண்டும் என்பதால் இரண்டு மணி நேரம் தள்ளச் சொன்னார். 1907இல் லண்டன் கட்டட ஒப்பந்தக்காரர் வில்லியம் வில்லெட் ஒரு சிறு வெளியீட்டை அச்சிட்டார். அவர் யோசனை இன்னும் நுணுக்கமானது: ஏப்ரலில் நான்கு ஞாயிறுகள், ஒவ்வொன்றிலும் 20 நிமிடம், மொத்தம் 80 நிமிடம், செப்டம்பரில் அதேபோல் படிப்படியாகத் திரும்பவேண்டும். அது சட்டமாகவில்லை. 1915இல் அவர் இறந்தார். மறு ஆண்டே முதல் உலகப் போரில் நிலக்கரியை மிச்சம் பிடிக்க ஜெர்மனி ஏப்ரல் 30 அன்று கடிகாரத்தைத் தள்ளியது. மூன்று வாரத்தில், மே 21 அன்று, பிரிட்டனும் தள்ளியது.

விவசாயிகளுக்காகக் கொண்டுவந்தது என்று ஒரு பேச்சு உலாவும். அது தவறு. அமெரிக்காவில் 1918இல் வந்த முறையை 1919இலேயே ஒழிக்க வைத்தவர்களில் விவசாயிகள் முக்கியமானவர்கள். பனி காயாமல் வைக்கோலை அள்ள முடியாது. பனி சூரியனைப் பார்த்துக் காயும், கடிகாரத்தைப் பார்த்து அல்ல.

இது தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு விளக்கவேண்டிய செய்தியே இல்லை. கித்தா (ரப்பர்) மரத்தை ஏன் விடியுமுன் சீவுகிறார்கள்? இரவெல்லாம் மரம் நீரை இழுத்துக்கொள்வதால் பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்களில் அழுத்தம் கூடியிருக்கும். சீவியவுடன் பால் தாராளமாக இறங்கும். வெயில் ஏறினால் இலைகள் நீரை ஆவியாக்கும், அழுத்தம் குறையும், பாலும் குறையும். வெட்டுக் காயத்தில் பால் சீக்கிரம் உறைந்துகொள்ளும். பெரட்டு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்பு) ஐந்தரைக்கு என்று அறிவிப்புப் பலகையில் இருந்தாலும் ஆறு மணிக்கு என்று இருந்தாலும் மரத்திற்கு ஒன்றுதான். கடிகாரம் மாறினால் துரை பெரட்டு நேரத்தை மாற்றி எழுதவேண்டியதுதான்; தலைவிளக்குடன் நிரைக்குள் இறங்கும் நேரம் சூரியனுக்கு எவ்வளவு முன்னே என்பது மாறாது. மாறுவதெல்லாம் பள்ளிக்கூடமும் பஸ்ஸும் வங்கியும்தான். சூரியனோடு கட்டிய வேலையும் கடிகாரத்தோடு கட்டிய வேலையும் ஒரே லயத்து வீட்டில் வாழும்போது, கணவன் மனைவி இருவருக்கும் காலை ஒரே நேரத்தில் விடிவதில்லை.

மலாயா தள்ளிய கதை

1901க்கு முன் ஒவ்வோர் ஊரும் தன் சூரியனையே பார்த்துக்கொண்டது. சூரியன் ஒரு பாகை நகர 4 நிமிடம். சுங்கை சிப்புட் கிழக்கே சுமார் 101.07 பாகை, நாலால் பெருக்கினால் 404 நிமிடம். அதாவது கிரீன்விச்சைவிட 6 மணி 44 நிமிடம் முன்னே. இதுதான் இந்த ஊரின் சொந்த நேரம். இந்தக் கணக்குப்படி ஓடினால் சராசரியாக 12 மணிக்குச் சூரியன் உச்சியில் நிற்கும்.

1901 ஜனவரி 1 முதல் தீபகற்பம் சிங்கப்பூரின் நேரத்தை எடுத்துக்கொண்டது: 6 மணி 55 நிமிடம் 25 நொடி. ரயிலுக்கும் தந்திக்கும் அது வசதி. 1905 ஜூன் 1 முதல் அதை முழுசாக்கி 7 மணி நேரம் என்றார்கள். இங்கே உச்சிப்பொழுது 12.16. பெரிய பிசகில்லை.

1933 ஜனவரி 1 அன்று 20 நிமிடம் தள்ளினார்கள். வேலை முடிந்து மாலையில் விளையாட வெளிச்சம் வேண்டும் என்ற அதே நியாயம். வில்லெட் சொன்ன அதே 20 நிமிட அளவும்கூட. வித்தியாசம் ஒன்றுதான்: திரும்ப இழுக்கவில்லை. 1941 செப்டம்பர் 1 அன்று இன்னும் 10 நிமிடம் கூட்டி ஏழரை ஆக்கினார்கள். ஜப்பானியர் ஆட்சியில், 1942 பிப்ரவரி முதல் டோக்கியோ நேரம், 9 மணி. அந்த மூன்றரை ஆண்டு சுங்கை சிப்புட்டில் கடிகாரப்படி சூரியன் எட்டு மணிக்கு மேல்தான் உதித்தது. 1945 செப்டம்பரில் மறுபடி ஏழரை.

கடைசித் தள்ளல் பலருக்கு நினைவிருக்கும். 1981 டிசம்பர் 31 இரவு 11.30 ஆனதும் தீபகற்பத்தில் அதை 12.00 ஆக்கி, 1982 ஜனவரி 1 என்று அறிவித்தார்கள். ஏற்கெனவே 8 மணிக் கணக்கில் இருந்த சபா, சரவாக்குடன் நாடு முழுக்க ஒரே நேரம் வேண்டும் என்பது காரணம். சிங்கப்பூரும் வியாபாரத்தை உத்தேசித்து கூடவே மாறிக்கொண்டது.

இதன் விளைவு: 8 மணி நேரக் கணக்கு கிழக்கே 120 பாகைக்கு உரியது. அந்தக் கோடு பிலிப்பைன்ஸ் பக்கம் போகிறது. நாம் அதிலிருந்து கிட்டத்தட்ட 19 பாகை மேற்கே. ஆகவே சூரியன் இங்கே சராசரியாக 76 நிமிடம் தாமதமாக உச்சிக்கு வருகிறது. கோடைக்கு ஒரு மணி நேரம் தள்ளும் ஐரோப்பியரைவிட நாம் அதிகம் தள்ளி, பன்னிரண்டு மாதமும் அப்படியே வைத்திருக்கிறோம். கோத்தா கினபாலுவில் இதே 8 மணிக் கணக்கில் தாமதம் 16 நிமிடம்தான். அங்கே வேலைக்குப் போன நம்மூர்ப் பிள்ளைகள், ஆறரைக்கே வெயில் அடிக்கிறது, மாலை ஆறரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறது என்று சொல்வது இதனால்தான்.

ஆண்டுக்கு இருமுறை திருப்புவதையும் நம் நாட்டின் ஒரு மூலை செய்து பார்த்திருக்கிறது. சரவாக்கில் 1935 முதல் 1941 வரை, செப்டம்பர் 14 அன்று 20 நிமிடம் தள்ளி, டிசம்பர் 14 அன்று திரும்ப இழுத்தார்கள். ஏன் அந்த மூன்று மாதம் மட்டும்? சூரியன் கடிகாரத்தோடு ஒத்து ஓடுவதில்லை. பூமி நீள்வட்டத்தில் சுற்றுவதாலும் அச்சு சாய்ந்திருப்பதாலும், நவம்பர் தொடக்கத்தில் சூரியன் சராசரியைவிட 16 நிமிடம் முந்தியும், பிப்ரவரி நடுவில் 14 நிமிடம் பிந்தியும் உச்சிக்கு வரும். முந்தி வந்தால் மாலையும் முந்தி இருட்டும். சரவாக் தள்ளிய மாதங்கள் அதோடு அச்சாகப் பொருந்துகின்றன. பகல் நீளாத ஊரில் தள்ளுவதற்கு இருக்கும் ஒரே இயற்கைக் காரணமும் அதுதான்.

இந்த முந்தல் பிந்தலால் சுங்கை சிப்புட்டில் சூரிய உதயம் காலை 7.00க்கும் 7.32க்கும் இடையே ஆடும். மிகத் தாமதம் ஜனவரி கடைசியிலும் பிப்ரவரி முதலிலும். அஸ்தமனம் மாலை 6.57க்கும் 7.32க்கும் இடையே. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வருவது எளிது.

உங்கள் வாசலில் அளந்து பாருங்கள்

சமமான சிமெண்டுத் தரை, ஒரு மீட்டர் நேரான கம்பி, சாக்கட்டி, கயிறு போதும். கம்பியைச் செங்குத்தாக நிறுத்துங்கள்; நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டுச் சரிபாருங்கள், கண் அளவை நம்பவேண்டாம். பதினொன்றரை மணிவாக்கில் நிழலின் நுனியைக் குறித்து நேரத்தை எழுதுங்கள். கம்பியின் அடியிலிருந்து அந்த நுனி வரை கயிற்றால் அளந்து ஒரு வட்டம் போடுங்கள். நிழல் சுருங்கி உள்ளே போகும், பிறகு வளர்ந்து மறுபக்கம் அதே வட்டத்தைத் தொடும். தொட்ட நேரத்தை எழுதுங்கள். காலையில் 11.40, மதியம் 2.50 என்றால் இரண்டுக்கும் நடு 1.15, அதுதான் உங்கள் வாசலின் உச்சிப்பொழுது.

பிற்பகல் மேகம்தான் இதைக் கெடுக்கும். பேராக்கில் இரண்டு மணிக்கு மேல் வானத்தை நம்ப முடியாது. ஆகவே காலையில் கால் மணிக்கு ஒன்றாக நாலு வட்டம் போட்டு வையுங்கள், ஒன்றாவது தேறும். நேரடியாகக் குறுகிய நிழலைத் தேடலாமே என்றால், உச்சியில் நிழலின் நீளம் பத்து நிமிடத்திற்கு மாறின மாதிரியே தெரியாது. அதிலும் ஏப்ரல் முதல் வாரத்திலும் செப்டம்பர் 10ஐ ஒட்டியும் சூரியன் நேர் தலைக்கு மேல் வருவதால் நிழலே காலடியில் மறைந்துவிடும். அளக்காமல் தெரிந்துகொள்ள ஒரு வழி, பக்கத்துப் பள்ளிவாசலின் மதியத் தொழுகை அழைப்பு. உச்சி சாய்ந்தவுடன் வரும் அது, ஆண்டு முழுக்க ஒன்று, ஒன்றரைக்கு இடையே ஆடுவதைக் கவனித்திருப்பீர்கள்.

ராகு காலம், திதி, ஜாதகம்

கடிகாரம் தள்ளிய கணக்கு நம்மவர் வீட்டில் உண்மையாகவே இடறும் இடம் இதுதான். நம்பிக்கை அவரவர் பாடு. ஆனால் பார்ப்பதாக இருந்தால் கணக்கைச் சரியாகப் பார்க்கவேண்டும்.

ராகு காலம் என்பது உதயம் முதல் அஸ்தமனம் வரை உள்ள பகலை எட்டாகப் பிரித்து, கிழமைக்கு ஒரு பங்கு. திங்களுக்கு இரண்டாம் பங்கு. நாள்காட்டியில் அச்சாகும் 7.30–9.00 என்பது காலை 6 மணிக்குச் சூரியன் உதிக்கிறது என்று வைத்துக்கொண்ட கணக்கு. இங்கே பிப்ரவரித் தொடக்கத்தில் உதயம் ஏழரை, அஸ்தமனமும் ஏழரையை ஒட்டி. ஒரு பங்கு ஒன்றரை மணி நேரம். ஆக, திங்கள் ராகு காலம் 9.00–10.30. நாள்காட்டியை நம்பி ஒன்பதே காலுக்குப் புதுக்கடை திறந்தால், தவிர்க்க நினைத்த நேரத்திற்குள் தாங்களே போய் நிற்பார்கள். ‘இந்தியாவுக்கும் நமக்கும் இரண்டரை மணி வித்தியாசம்’ என்று அதைக் கூட்டி 10.00–11.30 என்று எடுத்துக்கொள்வோரும் உண்டு. அதுவும் தப்பு. ராகு காலம் உள்ளூர்ச் சூரியனுடையது, அதற்கு நாட்டு நேர வித்தியாசம் கிடையாது.

திதி, நட்சத்திரம் முடியும் நேரம் வேறு வகை. சந்திரன் ஓர் இடத்தைத் தாண்டும் அந்த நொடி உலகத்திற்கே ஒன்று. சென்னைப் பஞ்சாங்கத்தில் திதி மாலை 4.10க்கு முடிகிறது என்றால் நமக்கு 6.40. இங்கே இரண்டரையைக் கூட்டத்தான் வேண்டும். மலேசியாவில் அச்சிடும் பஞ்சாங்கம் முன்பே கூட்டிக் கொடுத்திருக்கலாம். முதல் பக்கத்தில் எந்த ஊர்க் கணக்கு என்று பார்க்காமல் இன்னொரு முறை கூட்டாதீர்கள். பிரம்ம முகூர்த்தமும் ராகு காலத்தின் சாதிதான். உதயத்திற்கு 96 நிமிடம் முன் தொடங்கி 48 நிமிடம் முன் முடியும் என்பது வழக்கமான கணக்கு. ஏழரை உதயத்தன்று அது 5.54 முதல் 6.42 வரை. நாலரைக்கு அலாரம் வைப்பவர் தாராளமாக இன்னும் ஒரு மணி நேரம் தூங்கலாம்.

ஜாதகத்தில் பிசகு பெரிதாகும். தீபகற்பத்தில் 1981 கடைசி வரை பிறந்தவர்களுக்குப் பிறப்புப் பத்திரத்தில் இருப்பது ஏழரைக் கணக்கு நேரம். கணினியிலோ கைப்பேசிச் செயலியிலோ மலேசியா என்று தட்டினால் சில செயலிகள் கண்ணை மூடிக்கொண்டு 8 போட்டுவிடும். அரை மணி நேரத்தில் லக்னம் சராசரியாக ஏழரை பாகை நகரும். ஒரு ராசி 30 பாகை என்பதால், ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு லக்னமே மாறிப்போகும். நவாம்சம் 3 பாகை 20 கலை என்பதால் லக்ன நவாம்சம் எல்லோருக்குமே மாறிவிடும். சந்திரன் கால் பாகைக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் நகரும், ஆனாலும் சுக்கிர திசையில் பிறந்தவருக்குத் திசை இருப்பு ஐந்து மாதம் பிசகும்.

எனவே ஜோதிடரிடம் தாத்தா காலத்து நேரம் கொடுக்கும்போது ஆண்டைப் பொறுத்து இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: 1905 ஜூன் முதல் 1932 வரை 7.00, 1933 முதல் 1941 ஆகஸ்டு வரை 7.20, பிறகு 7.30, 1942 பிப்ரவரி நடு முதல் 1945 செப்டம்பர் வரை 9.00, அதன் பின் 1981 கடைசி வரை 7.30, 1982 முதல் 8.00. 1981 டிசம்பர் 31 இரவு 11.40 என்று தீபகற்பத்தில் ஒரு பிறப்பு நேரம் எழுதியிருந்தால், பதிந்தவர் கடிகாரத்தைத் திருப்பாமல் எழுதியது அது. அப்படி ஒரு நேரம் அன்று கிடையாது. இந்தியாவில் பிறந்தவர்களுக்கும் ஒரு கண்ணி உண்டு: போர்க்காலத்தில், 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை, அங்கேயும் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே ஓடியது. இலங்கை 1996இல் தள்ளி, 2006 ஏப்ரலில்தான் பழைய ஐந்தரைக்குத் திரும்பியது.

விடலாமா, வைத்துக்கொள்ளலாமா

திருப்புவதற்குச் சொல்லப்பட்ட பழைய காரணம் மின்சாரம், எரிபொருள் மிச்சம். அமெரிக்க எரிசக்தித் துறை 2008இல் கணக்குப் பார்த்தபோது, கோடை நேரத்தை நீட்டித்த வாரங்களில் நாளொன்றுக்கு அரை சதவீத மின்சாரம் மிச்சம் என்று வந்தது. இந்தியானா மாநிலம் முழுக்க 2006இல் இந்த முறைக்கு மாறியபோது, வீடுகளின் மின்செலவு சுமார் ஒரு சதவீதம் கூடியதாக இன்னோர் ஆய்வு கண்டது. விளக்குக்கு ஆன செலவு குறைந்தது, வெயில் மாலையில் குளிர்சாதனச் செலவு ஏறியது. விளக்கெல்லாம் எல்இடி ஆகிவிட்ட இந்தக் காலத்தில் விளக்கில் கிடைக்கும் மிச்சம் இன்னும் சுருங்கிவிட்டது. மிச்சம் என்ற வாதத்தை இனி யாரும் உரக்கச் சொல்லாமல் இருப்பது நல்லது.

உடம்பு இழப்பைத் தெளிவாகக் காட்டுகிறது. தூக்க நேரத்தைக் காலை வெளிச்சம்தான் தினமும் சரிசெய்கிறது. ஒரே இரவில் ஒரு மணி நேரத்தைப் பிடுங்கினால் உடம்பு பின்தொடர நாள்கள் ஆகும். ஸ்வீடனில் 2008இல் வெளியான ஆய்வில், மார்ச்சில் தள்ளிய பிறகு வந்த வாரத்தில் மாரடைப்பு சுமார் 5 சதவீதம் கூடுதல். அமெரிக்காவில் அதே வாரத்தில் உயிர்ப்பலி விபத்துகள் சுமார் 6 சதவீதம் கூடுவதாக 2020இல் ஓர் ஆய்வு சொன்னது. அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் அதே ஆண்டு, திருப்புவதை விட்டுவிட்டு, முன்னே தள்ளாத இயல்பு நேரத்திலேயே நிற்கவேண்டும் என்று கேட்டது.

திருப்புவதை விட்டுவிடுவதில் மக்களுக்கு ஆட்சேபம் குறைவு. எந்தப் பக்கம் நிறுத்துவது என்பதில்தான் சிக்கல். ஐரோப்பிய நாடாளுமன்றம் 2019 மார்ச்சில் 410க்கு 192 என்று ஒழிக்க வாக்களித்தது. உறுப்பு நாடுகள் ஒத்துவராததால் கிடப்பில் கிடக்கிறது. அமெரிக்க செனட் 2022இல் நிரந்தரக் கோடை நேரத்திற்குச் சம்மதித்தது, கீழவை எடுத்துக்கொள்ளவில்லை. மெக்சிகோ 2022இல் பெரும்பகுதி நாட்டில் இயல்பு நேரத்திற்கே திரும்பியது.

நிரந்தரக் கோடை நேரம் இனிதான் பார்க்கவேண்டிய சோதனை என்பதும் இல்லை. பிரிட்டன் 1968 முதல் 1971 வரை வைத்திருந்தது, ஸ்காட்லாந்தின் வடக்கே டிசம்பரில் பத்து மணியை ஒட்டித்தான் விடிந்தது, கைவிட்டார்கள். அமெரிக்கா 1974 ஜனவரியில் தொடங்கி, பிள்ளைகள் இருட்டில் பள்ளிக்குப் போவதைப் பார்த்து அக்டோபரிலேயே நிறுத்தியது. ரஷ்யா 2011இல் தொடங்கி 2014இல் பின்வாங்கியது. மூன்று தடவையும் தோற்கடித்தது குளிர்காலக் காலைதான். கோடையை நினைத்து வாக்களித்தார்கள், ஜனவரியில் வருந்தினார்கள். எனவே அந்த நாடுகள் திருப்புவதை விடவேண்டும், விட்டால் சூரியனுக்குப் பக்கத்தில் உள்ள இயல்பு நேரத்தில்தான் நிற்கவேண்டும் என்பதே கணக்குக்குப் பொருந்துகிற முடிவு.

நம்மிடம் அதே தள்ளல் நாற்பது ஆண்டுக்கு மேல் நிற்பதற்குக் காரணம் நமக்கு ஜனவரி என்று தனியாக ஒன்று இல்லாததுதான். காலை ஆண்டு முழுக்க ஒரே அளவு இருட்டு, பழகிக்கொண்டோம். மாலை ஏழு மணி வரை திடலில் பந்து உதைக்கலாம், அது லாபம். செலவைக் கட்டுவது பள்ளிப் பிள்ளைகள். உதயத்திற்கு இருபது நிமிடம் முன்புதான் ஆள் முகம் தெரியும் அளவு வெளிச்சம் வரும். பிப்ரவரியில் அது 7.10. தோட்டத்து உட்சாலையில் பள்ளி வேனுக்கு நிற்கும் பிள்ளை அதற்கும் அரை மணி நேரம் முன்பே நிற்கவேண்டும். இதற்கு மருந்து கடிகாரத்தைத் தொடுவதல்ல. சபாவையும் சிங்கப்பூரையும் விட்டு நாம் மட்டும் அரை மணி பின்னே போனால் வேறு நூறு தொல்லை வரும். பள்ளி மணியை முப்பது நிமிடம் தள்ளி அடித்தால் போதும். அது வரும் வரை பையில் ஒளி பிரதிபலிக்கும் பட்டை ஒட்டிவிடுங்கள்.

வெளிநாட்டில் பிள்ளை இருந்தால்

லண்டனுடன் நமக்கு வித்தியாசம் குளிர்காலத்தில் 8 மணி, கோடையில் 7. மெல்பர்ன் நம்மைவிட 2 மணி முன்னே, அவர்கள் கோடையில் 3. நியூயார்க்கும் டொரொண்டோவும் நமக்கு 13 மணி பின்னே, கோடையில் 12. மார்ச்சில் அமெரிக்கா தள்ளிய பிறகும் ஐரோப்பா தள்ளாமல் இரண்டு மூன்று வாரம் இருக்கும். நியூயார்க், லண்டன், ஈப்போ மூன்றும் சேர்ந்து பேசும் கூட்டங்கள் குழம்புவது அப்போதுதான்.

இணையக் கூட்டத்திற்கு நேரம் குறிக்கும்போது ‘லண்டன் நேரம் காலை 10’ என்று ஊர்ப் பெயரோடு எழுதுங்கள். ‘கிரீன்விச் நேரம்’ என்று எழுதினால் கோடையில் ஒரு மணி நேரம் பிசகும், ஏனென்றால் கோடையில் லண்டனே கிரீன்விச் நேரத்தில் இருப்பதில்லை. வாராவாரம் வரும் கூட்டத்தை யார் நாட்காட்டியில் உருவாக்கினார்களோ அவர்கள் ஊர் நேரமே அசையாமல் நிற்கும், மற்றவர்களுக்குத்தான் நகரும். நம் பிள்ளைகளின் டியூஷன் வகுப்பு ஞாயிறு இரவு 8க்கே இருக்கவேண்டும் என்றால் அதை இங்கிருந்து உருவாக்குங்கள்.

கைப்பேசியில் நேர வலயம் தானாக அமையும்படி விட்டு வைத்தால் போதும். கணினியில் கையால் தேர்ந்தெடுத்தால் ‘கோலாலம்பூர், சிங்கப்பூர்’ என்று இருக்கும் வரியையே எடுங்கள். பெர்த்தும் இப்போது 8 மணிதான், ஆனால் மேற்கு ஆஸ்திரேலியா கோடை நேரத்தைச் சில முறை சோதித்துப் பார்த்த மாநிலம். பழைய தேதிகள் அங்கே ஒரு மணி நேரம் தள்ளிக் காட்டும். மின்னணுக் கைக்கடிகாரம் திடீரென்று சரியாக ஒரு மணி நேரம் முன்னே ஓடினால் பேட்டரியைச் சந்தேகிக்கவேண்டாம். பொத்தானை அழுத்தும்போது ‘டிஎஸ்டி’ என்ற கோடை நேர அமைப்பு தவறுதலாக இயங்கியிருக்கும். அமைப்புப் பகுதிக்குப் போய் அதை அணைத்தால் மணி தானே சரியாகிவிடும்.